வாவியில ‘பேர்ட் போட்டோ ஸ்பெஷல்’ போட் டூர்: கூடக் குடுத்த 2000 ரூபாக்கு என்ன கிடைச்சது

முதல்லயே சொல்லிர்றன். குடும்பத்தோட, சின்னப் பிள்ளையளோட, மட்டக்களப்பு வாவியில (நாங்க ஆறு எண்டுதான் சொல்றது) ஒரு சுத்துச் சுத்தி காத்து வாங்கிட்டு வருவம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இந்த போட் டூர்ல பெரிசா ஒரு குறையும் இல்ல, அஞ்சுக்கு நாலு தாராளமாக் குடுப்பன். ஆனா இவங்க எனக்கு வித்தது அத இல்ல. ஃபேஸ்புக்ல ‘பேர்ட் போட்டோ ஸ்பெஷல்’ எண்டு தனியாப் பேர் போட்டு, சாதாரண டூர விட ஆளுக்கு 2000 ரூபா கூட எடுத்து, அது வேற இது வேற எண்டு சொல்லித்தான் வித்தாங்க. அப்ப அந்தக் கூடக் குடுத்த 2000க்கு என்ன கிடைச்சது எண்டுதான் நான் பாக்கணும். கிடைச்சது ஒரு பணிஸ். உள்ளுக்குச் சீனிச்சம்பல், அது நல்லாத்தான் இருந்தது. பறவை விசயத்துக்கு அஞ்சுக்கு ஒண்டு, அந்த ஒண்டும் லைஃப் ஜக்கெட்டுக்கு.

பேர் போடல்ல. மட்டக்களப்பு சின்ன ஊர், போட் ஓட்டுற அண்ணன் உண்மையா நல்ல மனுசன், அவர்ட வயித்துல அடிக்கிற எண்ணம் எனக்கில்ல. டவுன் பக்கமிருந்து வெளிக்கிடுற போட்கள்ல ஒண்டு எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்க.

போஸ்டர்ல இருந்து தொடங்குவம். வானம் முழுக்க ரோஸ் கலர்ல பூநாரைக் கூட்டம், கீழ போன் நம்பர். படம் வடிவு, ஆனா அது எங்கட ஆத்துல எடுத்த படம் இல்ல. பூநாரை பாக்கணும் எண்டா ஆக்கள் மன்னார்ப் பாலத்தடிக்கு, வங்காலைப் பக்கத்துக்குத்தான் போறவங்க. இஞ்ச விடியக்காலமை வெளிக்கிட்டா நிச்சயமாக் கிடைக்கிறது கொக்கு, நாரை, நீர்க்காகம், செம்பருந்து, மீன்கொத்தி, ஆலா, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தா கூழைக்கடா, தண்ணி வத்தின பக்கம் உள்ளான் கூட்டம், சங்குவளை நாரை. இதுவே ஒரு ஆளுக்குக் காணும். 50 கிலோமீட்டருக்கு மேல நீளமான வாவி, கரை முழுக்கக் கண்டலும் புல்லும் வயலும், குருவிக்குப் பஞ்சமே இல்ல. இவ்வளவு இருக்கக்குள்ள ஏன் மன்னார்க் குருவியக் காட்டி ஆள் பிடிக்கணும் எண்டு எனக்கு விளங்கல்ல. எங்கட செம்பருந்து ஒண்டப் போட்டாலே நான் காசு கட்டியிருப்பன்.

நேரம்தான் முதல் கொலை. அஞ்சரைக்குத் துறையடியில நிக்கச் சொன்னாங்க, நானும் மச்சானும் அஞ்சேகாலுக்கே போய் நிண்டம். பங்குனி மாசம் சூரியன் வாறதே ஆறு மணி தாண்டித்தான், அதால அஞ்சரை எண்டது சரியான நேரம், ஆள் விசயம் தெரிஞ்ச ஆள்தான் எண்டு எனக்குள்ள ஒரு சந்தோசம். பாத்தா போட் இருக்கு, ஆள் இல்ல. ஆறு மணிக்கு அண்ணன் வந்தார், வந்து, “இன்னும் ஒரு ஃபமிலி வருது தம்பி, டவுன்ல நிக்கிறாங்களாம், இந்தா வந்திருவாங்க” எண்டார். அந்த இந்தா ஏழேகால். புதுசாக் கலியாணம் கட்டின சோடி ஒண்டு, அவங்கட சொந்தக்காரப் பொடியன்கள் ரெண்டு பேர், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அவங்களில கோவமில்ல, அவங்களுக்கு இது குருவி பாக்கிற போட் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல, அவங்க சாதாரண டூருக்குக் காசு கட்டின ஆக்கள். ரெண்டு விதமான டிக்கெட்ட ஒரே போட்ல ஏத்தினது ஆர்?

படம் எடுக்காத ஆக்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியும், ஒண்டேமுக்கால் மணித்தியாலம்தானே எண்டு. சூரியன் எழும்பி முதல் ஒரு மணித்தியாலத்துல வெளிச்சம் பக்கவாட்டுல மெதுவா வரும், இறகுல ஒவ்வொரு கோடும் தெரியும், வெள்ளைக் கொக்கு வெள்ளைப் பேப்பராப் போகாம உருவமா நிக்கும். குருவிகளும் அப்பதான் பசியோட இரை தேடும். எட்டரை, ஒம்பதுக்குப் பிறகு வெளிச்சம் தலைக்கு மேல ஏறும், தண்ணிக்கு மேல சூட்டுக்காத்து நடுங்கத் தொடங்கும், மறுகா நீங்க எவ்வளவு விலையான லென்ஸ் வைச்சிருந்தாலும் தூரத்துப் படம் எல்லாம் கசங்கித்தான் வரும், ஃபோக்கஸ் பிழை எண்டு லென்ஸப் பேசுவீங்க, அது லென்ஸ்ட பிழை இல்ல. நாங்க கண்டல் பக்கம் போய்ச் சேரக்குள்ள எட்டு மணி தாண்டிட்டு.

அடுத்தது திசை. காலமை சூரியன் எழுவான்கரை எண்டு சொல்ற கிழக்குக் கரைப் பக்கத்தால, கடல் பக்கத்தால வருது. அப்ப சூரியன் முதுகுல படணும் எண்டா போட் வாவியிட நடுவுல, இல்லாட்டி எழுவான்கரைப் பக்கம் நிக்கணும், கமெரா மேற்குக் கரையான படுவான்கரையப் பாக்கணும். இதுக்குப் பெரிய படிப்பு ஒண்டும் தேவையில்ல, காலமை வெயில்ல நிண்டு பல்லுத் தீட்டுற எல்லாருக்கும் தெரியும். எங்கட அண்ணன் கொண்டு போனது எழுவான்கரைக் கண்டல ஒட்டி. நாங்க கிழக்கப் பாத்து, சூரியன் கண்டலுக்குப் பின்னால, கொப்புல இருக்கிற குருவி எல்லாம் கறுத்த நிழல். அங்கால போவமே அண்ணன் எண்டு கேட்டதுக்கு, அந்தப் பக்கம் ரூட்ல இல்லயாம். ரூட் எண்டா என்ன, பஸ்ஸா? கண்டல் குகை மாதிரிக் கவிஞ்சு நிக்கிற ஒரு இடம் இருக்கு, அங்க எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க, அதான் ரூட். அந்த இடம் வடிவுதான், பொய் சொல்லல்ல.

இப்ப லென்ஸ் கதை. இதுவும் ஒரு சர்வீஸ்தான், அதனால சேத்தே எழுதிர்றன். என்னட்ட இருக்கிற 300 மிமீ குருவிக்குக் காணாது. கணக்குப் பாருங்க, 600 மிமீ லென்ஸ சாதாரண குரொப் சென்சர் (சின்னச் சென்சர்) கமெராவுல போட்டாலே, ஒரு கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஃபிரேமிட உயரத்துல பாதிக்கு வரணும் எண்டா 20 மீட்டருக்குக் கிட்ட போகணும். 300ல எண்டா 10 மீட்டர், அவ்வளவு கிட்ட உங்கள எந்த மீன்கொத்தியும் விடாது. அதால டவுன்ல ஒரு கடையில 150-600 மிமீ சூம் லென்ஸ் ஒண்டு வாடகைக்கு எடுத்தன். ஒரு நாளைக்கு 3500, அடையாள அட்டையும் அட்வான்ஸும் அவங்கட கையில. பின்னேரம் கடை பூட்டுற நேரம் பாத்துத்தான் தந்தாங்க, அதால கடைக்குள்ள வைச்சு ஒழுங்காப் பாக்க விடல்ல. வீட்ட கொண்டு வந்து டோர்ச் அடிச்சுப் பாத்தா, முன் கண்ணாடிக்கு உள்பக்கம் ஓரத்துல சிலந்தி வலை மாதிரிப் பங்கஸ், பூஞ்சணம். சூம் வளையம் 400க்கு அங்கால கிறுகக்குள்ள மணல் அரைபடுற சத்தம், பாசிக்குடாவுக்கோ எங்கயோ ஆரோ கொண்டு போய் கலியாண ஷூட்டுக்குப் பாவிச்சிருக்கணும். லென்ஸ்ட முன்னுக்கு மாட்டுற வெளிச்ச மறைப்பு, ஹூட், அதுவும் இல்ல. ஹூட் எங்க எண்டு போன் எடுத்துக் கேட்டா, “அது சும்மா வடிவுக்குத்தானே அண்ணே” எண்டான் கடைத் தம்பி.

வடிவுக்கு இல்ல தம்பி. ஓரத்துல பங்கஸ் இருக்கிற லென்ஸ சாதாரண வெளிச்சத்துல பாவிச்சா பெரிசாத் தெரியாது, ஆனா சூரியன் முன்னுக்கு இருந்து அடிச்சா அந்த வெளிச்சம் பங்கஸ்ல பட்டுச் சிதறி, படம் முழுக்கப் பால் ஊத்தின வெள்ளை. ஹூட் இருந்தா பக்கத்தால வாற வெளிச்சத்தையாவது மறைச்சிருக்கும். பிழையான திசையில ஓடுற போட்டும், ஹூட் இல்லாத பங்கஸ் லென்ஸும் ஒரே நாளுல சேந்தது என்ட சாதகம். வாடகைக்கு எடுக்கிற ஆக்கள் கடையில வைச்சே டோர்ச் அடிங்க, சூம முழுக்க ஒருக்கா அங்கால இஞ்சால கிறுக்குங்க, தெருவுல போற பஸ் ஒண்டயும் கிட்ட நிக்கிற ஆளையும் மாறி மாறி ஃபோக்கஸ் பண்ணிப் பாருங்க, பக்கத்துல ஃபோக்கஸ் லிமிட்டர் எண்டு, லென்ஸ் ஃபோக்கஸ் தேடுற தூரத்தக் கட்டுப்படுத்துற ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும், அது வேலை செய்யுதா எண்டும் பாருங்க. கடைக்காரன் முகம் சுழிப்பான், சுழிக்கட்டும்.

போட் ஃபைபர் போட், அவுட்போர்ட் இஞ்சின், மேல இரும்புக் கம்பி நட்டுத் தறப்பாள் கூரை. வெயிலுக்கு நல்லம், ஆனா தலைக்கு மேல போற ஒரு குருவியும் எடுக்க ஏலாது. போட்ட முன் மூக்குல ஒரு சீட் இருக்கு, அங்கதான் படம் எடுக்கிற ஆள் இருக்கணும், அங்க பொண்ணும் மாப்பிள்ளையும் இருந்தாங்க, எழும்பச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. ட்ரைபொட் கொண்டு போக வேணாம், வீண் சுமை, இஞ்சின்ட நடுக்கம் கால் வழியா ஏறி நேர லென்ஸுக்குத்தான் போகும். ரெண்டு கிலோ கிட்ட வாற லென்ஸக் கையிலயே தூக்கி வைச்சிருந்தன், ஒம்பது மணிக்கெல்லாம் இடது தோள் செத்திட்டு. லென்ஸுக்குள்ள ஒரு ஸ்டெபிலைசர் இருக்குத்தான், அது உங்கட கை நடுக்கத்தத்தான் பாக்கும், குருவிட அசைவ அது ஒண்டும் செய்யாது, அதுக்கு ஷட்டர் ஸ்பீட் 1/1000க்கு மேல வேணும், பறக்கிறதுக்கு 1/2000.

ஒரே ஒரு நல்ல சான்ஸ் வந்தது. ஆத்துக்குள்ள வலை கட்டுற கம்பு வரிசையா நட்டுக் கிடக்கு, அதுல ஒரு கம்பிட நுனியில கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. ஆண் குருவி, நெஞ்சுல ரெண்டு கறுப்புப் பட்டி, பெட்டைக்கு ஒண்டுதான், அதுவும் நடுவுல அறுந்து கிடக்கும். தலையில கொண்டை, அலகு தலைய விட நீளம். சூரியனும் அந்த நேரம் கொஞ்சம் எங்களுக்குப் பக்கத்தால வந்திட்டு. தூரம் ஒரு அறுபது மீட்டர் இருக்கும்.

“அண்ணன், இஞ்சின நிப்பாட்டுங்க, சவளால போவம்.”

“சவள் கொண்டு வரல்லயே தம்பி.”

“அப்ப நடுவுல இஞ்சின் நிண்டா என்ன செய்வீங்க?”

“போன் அடிச்சா தம்பிமார் வேற போட்ல வருவாங்க.”

இத நான் சிரிச்சிட்டுக் கடந்து போகத் தயாரில்ல, குருவி ஒரு பக்கம் கிடக்கட்டும், ஆறு பேர ஏத்திட்டு ஆத்துல போற போட்ல ஒரு சவள், அதான் துடுப்பு, இல்ல எண்டா அது பெரிய பிழை, எந்த போட்ல போனாலும் ஏறக்குள்ளயே பாருங்க.

சரி, இஞ்சினக் குறைச்சு மெல்லப் போவம் எண்டார். அண்ணன்ட மெல்ல எண்டது எங்கட மெல்ல இல்ல. முப்பது மீட்டருக்குக் கிட்ட வரக்குள்ள மீன்கொத்தி கம்ப விட்டு எழும்பிட்டு, ஆனா ஓடல்ல, தண்ணிக்கு மேல அந்தரத்துல நிண்டு சிறகடிச்சுது. இந்தக் குருவிட பெருமையே அதுதான், ஒரே இடத்துல நிண்டு தலைய மட்டும் ஆடாம வைச்சுக்கொண்டு, அலகு நேர கீழ, உடம்பு முழுக்கப் படபடக்கும், கண் மட்டும் மீன்ல. நான் அமத்தினன். லென்ஸ் போய்ப் பின்னுக்கு நிக்கிற கண்டலப் பிடிச்சுது, பிறகு கிட்டத் தண்ணியப் பிடிச்சுது, பிறகும் கண்டல், அந்த மணல் சத்தத்தோட அது அங்கயும் இஞ்சயும் தேடித் திரியக்குள்ள, பின்னுக்கு இருந்த பொடியன் ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டான். மீன்கொத்தி கீழ விழுந்து, மீனோட எழும்பி, அங்கால போய்ட்டு. என்ட படத்துல கண்டல் இலை ஒவ்வொண்டும் கண்ணாடி மாதிரித் தெளிவு, நடுவுல ஒரு சாம்பல் புகை.

இதுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஏறிட்டு. கரையோரம் ஒரு பெரிய மரம், நீர்க்காகமும் கொக்கும் நிறைஞ்சு கிடந்தது, சில நீர்க்காகம் சிறக விரிச்சுக் காயப் போட்டுக்கொண்டு. இஞ்சின் சத்தத்துக்கும் அதுகள் பெரிசாக் கவனிக்கல்ல, பழகியிருக்கும். நான் லென்ஸத் தூக்கக்குள்ள அண்ணன் எழும்பி நிண்டு, ரெண்டு கையும் சேத்துப் பலமாத் தட்டி, ஹோய் எண்டு ஒரு கூவு. மொத்த மரமும் வெறுமையாப் போச்சு. கிறுகி என்னப் பாத்துச் சிரிக்கிறார், “பறக்கிற படம்தான் தம்பி வடிவா வரும், வாற ஆக்கள் எல்லாம் இதத்தான் கேக்கிறவங்க.” மனுசன் எனக்கு உதவி செய்யிறன் எண்டு நினைச்சுத்தான் செய்தார், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த மரத்துல கூடு இருந்துதா, முட்டை இருந்துதா எண்டு அவருக்கும் தெரியா எனக்கும் தெரியா. வெயில்ல தாய்க் குருவி எழும்பிட்டா முட்டை சூடேறிப் பழுதாகும், இல்லாட்டிக் காகம் கொத்தும். நாட்டுல 1937ல இருந்து வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கூட்டுக்கும் முட்டைக்கும் சேத்துத்தான். பறவைப் பக்கேஜ் எண்டு பேர் வைச்சுக் காசு எடுக்கிறவங்க தங்கட ஓட்டுனர்மாருக்கு இந்த ஒரு விசயத்தையாவது சொல்லிக் குடுக்கணும். அவர் ஒரு மீனவர், இறால் எந்த மூலையில ஓடுது, எந்தக் காத்துக்கு வலை போடணும் எண்டு கேளுங்க, ஒரு நாள் முழுக்கச் சொல்லுவார். குருவி எண்டா அவருக்கு எல்லாம் கொக்கு. நான் சாம்பல் நாரையக் காட்டி அது என்ன எண்டு கேட்டன், “அதுவும் கொக்குதான், கொஞ்சம் வயசு போனது.” அன்டைக்கு நான் உண்மையாச் சிரிச்சது அந்த ஒரு நேரம்தான். கிறுகி வரக்குள்ள செம்பருந்து ஒண்டு மீனக் காலுல பிடிச்சுக்கொண்டு எங்களுக்கு நேர மேலால போச்சு, எனக்குத் தெரிஞ்சது அதிட நிழல் தறப்பாள்ல ஓடினது மட்டும். மச்சான் போன்ல கண்டல் குகைய வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான், எல்லாரும் அவனுக்குத்தான் ஹார்ட் போட்டாங்க.

இறங்கினப்பிறகு நிர்வாகத் தம்பியோட கதைச்சன். சண்டை இல்ல, மரியாதையாத்தான். “அண்ணே, குருவி வாறதும் வராததும் எங்கட கையிலயா?” எண்டு கேட்டான். இந்தப் பதில நான் ஒத்துக்கொள்ள மாட்டன். குருவி வந்தது, ஒரு குறையும் இல்லாம வந்தது. அஞ்சரைக்கு எடுக்கிறன் எண்ட போட்ட அஞ்சரைக்கு எடுக்கிறது, சவள் வைக்கிறது, சூரியன் எந்தப் பக்கம் எண்டு பாக்கிறது, ஸ்பெஷல் டிக்கெட்டுக்குத் தனி போட் விடுறது, இது எல்லாம் அவங்கட கையிலதானே கிடக்கு. காசு திருப்பித் தரல்ல, அடுத்த முறைக்கு டிஸ்கவுண்ட் எண்டாங்க. ரெண்டு நாளால வாட்ஸ்அப் ஒண்டு வருது, எடுத்த நல்ல படம் ரெண்டு அனுப்புங்கண்ணே பேஜ்ல போடுவம் எண்டு. கண்டல் இலைப் படத்த அனுப்பிவிட்டன், நல்ல தெளிவான படம்தானே.

இனி, அதே காசுக்கு அம்பாறை மட்டக்களப்புப் பக்கம் குருவிப் படம் எடுக்க வேற என்ன வழி எண்டு கேட்டா, போட்டே தேவையில்ல. வலையிறவுப் பாலத்தால வவுணதீவுப் பக்கம் கடந்தா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயல், அங்கால உன்னிச்சைக் குளம், றூகம் குளம் எண்டு குளக்கட்டுகள் இருக்கு. தெரிஞ்ச ஓட்டோ ஒண்ட அரை நாளுக்குப் பிடியுங்க. குருவிக்கு மனுசன்ட உருவம்தான் பயம், வாகனத்துக்கு அவ்வளவு பயமில்ல, ஓட்டோக்குள்ள இருந்து இறங்காம, பக்கக் கம்பியில ஒரு அரிசிப் பைய வைச்சு அதுக்கு மேல லென்ஸ வைச்சா, ஆள்காட்டி பத்து மீட்டர்ல நிண்டு உங்களையே பாக்கும். வயல் உழுற நேரம் எண்டா இன்னும் விசேசம், ட்ரக்டருக்குப் பின்னால உண்ணிக்கொக்கு கூட்டமா வரும், சில்லு கிளறி விடுற புழுவுக்கு அடிபட்டுக்கொண்டு, இனப்பெருக்கக் காலத்துல தலையும் கழுத்தும் செம்மஞ்சள் ஏறி நிக்கும். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வயல்லயும் இதே காட்சிதான். கரண்ட் வயர்ல பஞ்சுருட்டான் வரிசை, அதுக்கு ஒரு சதமும் குடுக்கத் தேவையில்ல.

காசு செலவழிக்கத்தான் போறன் எண்டு நிக்கிற ஆக்கள் குமணைக்குப் போங்க. பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலடியிலதான் வாசல், 1938லயே பறவைகள் சரணாலயம் ஆக்கின இடம், 2010ல உலக முக்கியமான ஈரநிலங்கள்ட ராம்சார் பட்டியல்லயும் சேந்திட்டு. குமணை வில்லு எண்ட 200 ஹெக்டயர்ச் சதுப்புலதான் சித்திரைக்குப் பிறகு ஆடி மட்டும் நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டுறது. ஜீப்புலதான் போகணும், ஜீப் இஞ்சின நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவாங்க, காலமை ஆறு மணிக்கே வாசல்ல நிக்கப் பாருங்க. போட்டுலதான் போகணும் எண்டு அடம்பிடிக்கிற ஆக்களுக்கு இங்கினியாகலையில சேனாநாயக்க சமுத்திரம் இருக்கு, 1954ல தேசியப் பூங்காவாக்கின கல்லோயாவுக்குள்ள, அங்க யானை தீவுக்குத் தீவு நீந்திப் போறதும் நாளிருந்தா பாக்கலாம். ரெண்டுக்கும் இந்தப் பக்கேஜ விடக் காசு கூட முடியும், தூரமும் கூட.

நான் மறுகா போனது படுவான்கரையில ஒரு மாமாவோட. சொந்த மாமா இல்ல, எல்லாரும் மாமா எண்டுதான் கூப்பிடுறது. விடியப்புறம் வலை எடுக்கப் போறவர், சின்னத் தோணி, இஞ்சின் இல்ல. நான் முன்னுக்குக் காலை மடிச்சுக் குந்திக்கொண்டு, அவர் பின்னுக்கு நிண்டு சவள் போட. தோணி தண்ணியோட தண்ணியாக் கிடக்கிறதால லென்ஸும் குருவிட கண் மட்டத்துக்கே வந்திடும், உயரமான ஃபைபர் போட்ல இருந்து கீழ பாத்து எடுக்கிற படத்துக்கும் இதுக்கும் ஒட்டே இல்ல. லென்ஸ் என்ட பழைய 300தான். சங்குவளை நாரை ஒண்டு முழங்கால் தண்ணியில நிண்டு, அலகப் பாதி திறந்து தண்ணிக்குள்ள வைச்சு அங்கால இஞ்சால வீசிக்கொண்டு வந்தது, அது கண்ணால பாத்துப் பிடிக்கிறதில்ல, அலகுல மீன் முட்டின உடன மூடும், அவ்வளவுதான். ஒரு காலால சேத்தக் கிளறி மீன எழுப்பிவிடும். வாலடி இறகுல ரோஸ் நிறம், அதுல காலமை வெயில் பட்டுச் செக்கச்செவேல் எண்டு. மாமா சவளத் தண்ணிய விட்டு எடுக்காமலே மெல்லத் தள்ளினார், ஒரு சொட்டுச் சத்தமில்ல, ஏனெண்டா குருவி எழும்பினா மீனும் கலையும், அவருக்கு மீன் முக்கியம்.

1500 ரூபா குடுத்தன், வேணாம் வேணாம் எண்டு வாங்கினார். குறை இல்லாம இல்ல. லைஃப் ஜக்கெட் அவரிட்ட இல்ல, நீங்கதான் கொண்டு போகணும், அந்த விசயத்துல டவுன் போட்காரங்கதான் ஒழுங்கு. கமெராவுக்கு நல்ல பிளாஸ்டிக் பை ரெண்டு வேணும், தோணியிட அடியில எப்பவும் தண்ணி கிடக்கும். கால் விறைக்கும், எழும்பவும் ஏலாது நீட்டவும் ஏலாது. வலை எடுக்கக்குள்ள நீங்க சொல்ற இடத்துக்கு அவர் வரமாட்டார், வலை கிடக்கிற இடத்துக்குத்தான் நீங்க போகணும், அதோட சுருட்டுப் புகை நேர உங்கட மூஞ்சிக்குத்தான் வரும். நம்பர் கேட்டு எனக்கு மெசேஜ் போட வேணாம், அவர் போன் பாவிக்கிறதில்ல. படுவான்கரையில எந்தத் துறையடிக்கும் விடியப்புறம் நாலரை மட்டுல போய் நிண்டீங்க எண்டா இப்பிடி ஒரு மாமா கிடைப்பார், ஆனா முதல் நாள் பின்னேரமே ஒருக்கா போய்ச் சொல்லி வைச்சிட்டு வாங்க, திடீரெண்டு கமெராவோட போய் நிண்டா ஏதோ கணக்கெடுக்க வந்த ஒஃபிஸ் ஆள் எண்டு நினைச்சு ஏத்த மாட்டாங்க.